ஓவன் இல்லாமல் டெக்ஸ்-மெக்ஸ் கேசரோல்: வார நாளில் நடக்கிற காரியமா?

சத்துவாச்சாரி மாடிவீடு | திங்கள், இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். சின்னவன் எதோ வீடியோவைப் பார்த்துவிட்டு "அம்மா, மெக்சிகன் கேசரோல்" என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். நானும் பார்த்தேன். சப்பாத்தி மாதிரி ஒன்றை அடுக்கி, நடுநடுவே பீன்ஸ், சோளம், தக்காளி மசாலா, மேலே சீஸ் உருகி நிற்கிறது. கஷ்டமாகத் தெரியவில்லை. ஆனால் அந்த அம்மா வரிசையாகத் திறந்து கொட்டுகிற டின்களில் ஒன்றுகூட எங்கள் தெருக்கடையில் கிடைக்காது.

என் நிலவரம் இது: வேலை காட்பாடியில், பஸ் பிடித்து வீடு சேர ஏழு மணி. எட்டரைக்குள் தட்டு வைத்தாக வேண்டும். ஆறு பேர்: நாங்கள் இருவர், பசங்க இரண்டு, மாமியார், மாமனார். மாமனாருக்குச் சர்க்கரை. புரட்டாசி என்பதால் கறி, முட்டை கிடையாது. ஓவன் இல்லை. ஐந்து லிட்டர் குக்கர், இரும்புக் கடாய், இரண்டு தோசைக்கல், கேக் டின் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாமல் வார நாளிலேயே செய்ய முடியுமா?

மண்டித்தெரு | திங்கள், இரவு 10:05

எதுக்கும்மா இந்த வம்பு? ராஜ்மா குழம்பு வை, சப்பாத்தி போடு, மேலே கொஞ்சம் சீஸ் துருவு. பேரை மட்டும் மெக்சிகன்னு சொல்லு. பையனுக்கு என்ன தெரியப்போகுது?

குடியாத்தம் டு டல்லாஸ் | திங்கள், இரவு 10:40

அண்ணே, வீடியோ பார்க்கிற பையனுக்கு எல்லாம் தெரியும். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவான்.

சொந்த ஊர் குடியாத்தம், இருப்பது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸ் பக்கம். டெக்சஸும் மெக்சிகோவும் கலந்த சமையலைத்தான் டெக்ஸ்-மெக்ஸ் என்கிறார்கள். இங்கே பள்ளிக்கூட விருந்தானாலும் சரி, ஒரு வீட்டில் துக்கம் என்று அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுபோனாலும் சரி, கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு கேசரோல் பாத்திரம்தான். டெக்சஸ்காரர்கள் அதிகம் பேசுவது கிங் ராஞ்ச் சிக்கன். சோள டார்ட்டியா (மக்காச்சோளத்தில் சுடுகிற மெல்லிய ரொட்டி), வேகவைத்துப் பிய்த்த கோழி, டின் காளான் சூப், டின் கோழி சூப், பச்சைமிளகாய் சேர்த்த டின் தக்காளி, மேலே மஞ்சள் நிறச் செடார் சீஸ். கிங் ராஞ்ச் என்பது தெற்கு டெக்சஸில் 1853இல் தொடங்கிய மாட்டுப் பண்ணை, எட்டு லட்சம் ஏக்கருக்கு மேல். இந்தப் பதார்த்தம் அங்கேதான் பிறந்தது என்பதற்கு ஒருவரும் ஆதாரம் காட்டியதில்லை; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

டின்களைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம் அக்கா. அதெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள் நேரம் மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்த வழி. டின்னுக்குள் இருப்பது தக்காளி, மிளகாய், பீன்ஸ், சோளம். எல்லாம் உங்கள் வீட்டில் இருக்கிறது.

ஒன்றே ஒன்றில் மட்டும் உஷாராக இருங்கள். அமெரிக்கச் செய்முறையில் "சில்லி பவுடர் 2 மேசைக்கரண்டி" என்று போட்டிருந்தால் நம்ம மிளகாய்த்தூளை அப்படியே அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அது காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டு சேர்த்து அரைத்த கலவை. 1890களில் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற டெக்சஸ் ஊரில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மன்காரர் அதைத் தயார் செய்து விற்க ஆரம்பித்தார். வீட்டில் செய்வதானால் காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, வறுத்து அரைத்த சீரகம் 2 தேக்கரண்டி, ஓரிகானோ 1 தேக்கரண்டி, பூண்டு நாலைந்து பல். ஆறு பேருக்கு இது போதும்.

சீரகத்தில் கை சுருக்க வேண்டாம். டெக்ஸ்-மெக்ஸின் வாசனையே அதுதான். மெக்சிகோவின் உள்பகுதிகளில் இவ்வளவு சீரகமும் போடமாட்டார்கள், இந்த மஞ்சள் சீஸும் கிடையாது. இரண்டும் எல்லைக்கு இந்தப் பக்கத்து வழக்கம்.

சத்துவாச்சாரி மாடிவீடு | திங்கள், இரவு 10:52

நல்ல வேளை சொன்னீர்கள் தம்பி. அந்த அளவில் நம்ம குண்டூர் மிளகாய்த்தூள் போட்டிருந்தால் மாமனார் வீட்டை விட்டே கிளம்பியிருப்பார். ஓரிகானோவுக்கு எங்கே போவது?

பாலாற்றங்கரை | செவ்வாய், காலை 6:15

ஓரிகானோ, பிட்சா வாங்கும்போது கொடுக்கிற பொட்டலம் ஒன்றாவது ஃபிரிட்ஜ் கதவில் கிடக்கும், பாருங்கள். இல்லையென்றால் தொட்டியில் இருக்கிற கற்பூரவல்லி. இரண்டு இலை, பொடியாக நறுக்கி, மசாலா இறக்குகிற நேரத்தில் போட்டால் போதும். கூடினால் கஷாய வாசனை வந்துவிடும், பசங்க தொடமாட்டார்கள். காய்ந்த ஓமத்தை மட்டும் போடாதீர்கள், அது வேறு திசையில் இழுத்துக்கொண்டு போகும்.

இனி செய்முறை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் கெடுவது எல்லாம் ஒரே இடத்தில்தான் கெடும்: ஈரம். சப்பாத்தி குழைந்து, கரண்டியால் எடுத்தால் கொழகொழவென்று விழுந்தால் ஒருவரும் இரண்டாவது முறை கேட்கமாட்டார்கள்.

சப்பாத்தியை முதல் நாள் ராத்திரியே கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வைத்துவிடுங்கள். கேக் டின் வட்டம் எவ்வளவோ அதே அளவுக்குத் தேய்த்தால் வெட்டி ஒட்டுகிற வேலை இல்லை. எண்ணெய் தடவ வேண்டாம். மறுநாள் சாயந்திரம் ஒவ்வொன்றையும் காய்ந்த தோசைக்கல்லில், தீயைக் குறைத்து, துணியால் அழுத்தி அழுத்தி, அப்பளம் மாதிரி விறைக்கிற வரை சுடுங்கள். தூக்கிப் பிடித்தால் தொங்கக் கூடாது. குஜராத்திக் கடையில் விற்கிற காக்ரா பார்த்திருப்பீர்கள், அந்தப் பதம். ஆறு சப்பாத்திக்கு இரண்டு கல்லும் வைத்தால் பத்து நிமிஷம்.

மசாலா: எண்ணெயில் இரண்டு பெரிய வெங்காயம், பூண்டு, ஒரு குடைமிளகாய், அப்புறம் அரைக் கிலோ தக்காளி, மேலே டல்லாஸ் தம்பி சொன்ன தூள், உப்பு. தக்காளியை அரைத்து ஊற்றாமல் நறுக்கிப் போட்டு, தண்ணீர் சொட்டுகூட விடாமல் சுண்ட வையுங்கள். கடாயின் நடுவே கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் அளவு, நிமிஷக் கணக்கெல்லாம் இல்லை. நாட்டுத் தக்காளிக்கு அதிக நேரம் எடுக்கும். மதனப்பள்ளி, பலமனேர் பக்கத்திலிருந்து வருகிற கெட்டித் தோல் தக்காளியில் சாறு குறைவு, சீக்கிரம் சுண்டிவிடும். நேதாஜி மார்க்கெட்டில் பார்த்து வாங்குங்கள். இதிலே வெந்த ராஜ்மாவும் ஒரு கப் ஸ்வீட் கார்னும் சேர்த்து, ராஜ்மாவில் பாதியைக் கரண்டியால் மசித்துவிட்டால் கலவை தானாகவே கெட்டியாகும்.

அடுக்கு: டின்னில் எண்ணெய் தடவி, ஒரு சப்பாத்தி, அதன்மேல் மெல்லிசாகச் சீஸ் துருவல், அப்புறம் மசாலா. சப்பாத்திக்கும் மசாலாவுக்கும் நடுவே சீஸ் வருவது காரணத்தோடுதான். உருகி ஒரு படலமாக நின்று ஈரம் கீழே இறங்காமல் தடுக்கும். இப்படியே மூன்று நான்கு அடுக்கு, கடைசியில் சீஸ் தாராளமாக.

வாலாஜா ரோடு | செவ்வாய், காலை 7:30

குக்கரில் கேக் வைக்கிற மாதிரி, கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, அடியில் உப்புக் கொட்டி, ஸ்டாண்ட் வைத்து டின்னை உள்ளே இறக்கினால் ஆயிற்று. நாங்கள் அப்படித்தான் எல்லாம் செய்கிறோம்.

பாலாற்றங்கரை | செவ்வாய், காலை 7:48

எனக்கு அதில் சம்மதமில்லைங்க. தண்ணீர் இல்லாமல் குக்கரைச் சூடாக்காதீர்கள் என்று குக்கரோடு வருகிற புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள். அலுமினியக் குக்கர் அடி வளைந்து போனால் அப்புறம் சாதத்துக்கே உதவாது. அவர்களிடம்தான் இரும்புக் கடாய் இருக்கிறதே.

இன்னொன்றும் யோசியுங்கள். கேக் என்றால் மாவு உள்ளே வேக வேண்டும், அதற்கு அரை மணிக்கு மேல் நாலாபக்கச் சூடு தேவை. இதிலே எல்லாமே ஏற்கெனவே வெந்தது. சீஸ் உருகி, அடுக்குகள் ஒன்றோடொன்று பிடித்தால் போதும். கடாயில் ஒரு ஸ்டாண்ட், அதன்மேல் டின், மேலே மூடி. சிறு தீயில் பதினைந்து நிமிஷம். மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய துண்டைக் கட்டி, முனைகளை மேலே முடிச்சுப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆவி மூடியில் பட்டுச் சொட்டுச் சொட்டாகச் சீஸ் மேலேயே விழும்.

லாங்கு பஜார் லாலா | செவ்வாய், காலை 9:10

மேலே சிவக்காதே? வீடியோவில் பொன்னிறமாகக் கொப்புளம் கொப்புளமாக இருக்குமே, அதைத்தானே அந்தப் பையன் கேட்கிறான்.

குடியாத்தம் டு டல்லாஸ் | செவ்வாய், காலை 9:35

நியாயமான கேள்வி. கீழே இருந்து வருகிற சூட்டில் சீஸ் உருகும், சிவக்காது. சிவக்க மேலிருந்து நேரடிச் சூடு வேண்டும். மேலிருந்து சூடு தரும் அடுப்புகள் வருவதற்கு முந்தைய காலத்தில் ஐரோப்பியச் சமையலறைகளில் கைப்பிடி வைத்த கனத்த இரும்புத் தட்டை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, பதார்த்தத்தின் மேலே பிடித்துச் சிவக்க வைத்தார்கள். அக்காவிடம் இரண்டாவது தோசைக்கல் இருக்கிறதே! பெரிய தீயில் நன்றாகக் காய வைத்து, இடுக்கியால் பிடித்து, சீஸுக்கு ஒரு விரல் உயரத்தில் கவிழ்த்து இரண்டு நிமிஷம் வைத்தால் அங்கங்கே சிவக்கும். பசங்களை அடுப்படிக்கு வெளியே நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொரு வழி, எனக்கு இதுதான் பிடிக்கும்: மேலே சீஸோடு சோளச் சிப்ஸை உடைத்துத் தூவிவிடுங்கள். நாச்சோ என்று விற்கிற உப்புச் சுவைச் சிப்ஸ் பாக்கெட் வேலூர் சூப்பர் மார்க்கெட் எல்லாவற்றிலும் இருக்கும். சிவக்கவில்லை என்று ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், மொறுமொறுப்பு கிடைத்துவிடும். இங்கே ஃப்ரிட்டோ பை என்று சோளச் சிப்ஸ் மேலே சில்லி என்கிற காரமான மாட்டுக்கறிக் குழம்பையும் சீஸையும் கொட்டிச் சாப்பிடுகிறார்கள். ஃப்ரிட்டோஸ் சிப்ஸ் 1932இல் சான் அந்தோனியோவில் தொடங்கிய வியாபாரம். அதனால் இந்தக் குறுக்கு வழியும் டெக்சஸ் மரபுக்குள்தான் வருகிறது.

இரவுப்பணி நர்ஸ் | செவ்வாய், மதியம் 2:20

ராஜ்மா பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். சிவப்பு ராஜ்மாவை அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது. அதில் லெக்டின் என்று ஒரு நச்சு இருக்கிறது. நாலைந்து கொட்டை சரியாக வேகாமல் உள்ளே போனாலே சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வந்துவிடும். கொதிக்காத மெல்லிய சூட்டில் நேரம் போக வேக வைப்பது இன்னும் மோசம், நச்சு கூடத்தான் செய்யும். அதனால் மின்சார ஸ்லோ குக்கரில் நேராகப் போடவே வேண்டாம். நம்ம பிரஷர் குக்கரில் அந்தப் பயம் இல்லை.

காலையில் எட்டு மணிக்கு ஊறப்போட்டால் சாயந்திரம் ஏழுக்குள் நன்றாக ஊறிவிடும். ஆனால் வேலூர் வெயிலில் பதினோரு மணி நேரம் வெளியே வைத்தால் நுரைத்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இருபது நிமிஷம். விரலால் நசுக்கினால் மாவாக வர வேண்டும்.

ஆம்பூர் வாசி | செவ்வாய், மதியம் 3:00

காராமணி போடலாமே? இரண்டு மணி நேரம் ஊறினால் போதும், ஊறாவிட்டாலும் குக்கரில் வெந்துவிடும். ராஜ்மா மாதிரி கடிக்கக் கொஞ்சம் கனமாக இருக்காது, ஆனால் வேலை பாதி.

குடியாத்தம் டு டல்லாஸ் | செவ்வாய், மாலை 6:10

தாராளமாக. டெக்சஸில் காராமணி பெரிய ஆள். புத்தாண்டு அன்று அதைச் சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள். காராமணியை வெங்காயம், குடைமிளகாய், வினிகரில் ஊறவைத்த சாலட்டுக்கு "டெக்சஸ் கேவியர்" என்றே பேர். வார நாளுக்கு நான் காராமணிக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

வாணியம்பாடி கைமா | செவ்வாய், இரவு 8:45

புரட்டாசி முடிந்ததும் கைமா போட்டுப் பாருங்க. மாட்டுக் கைமாவிலும் இதைச் செய்வார்கள். எங்கள் பக்கம் காலையில் சொல்லி வைத்தால் கொழுப்பு எடுத்து ஒரே சீராக அரைத்துக் கொடுப்பார்கள். ஆட்டுக் கைமாவும் நன்றாக வரும். ஒன்றே விஷயம்: கைமாவைத் தனியாக, பெரிய தீயில், அது விடுகிற தண்ணீர் முழுக்க வற்றி எண்ணெயில் சிவக்கிற வரை வதக்கிவிட்டுத்தான் தக்காளியோடு சேர்க்க வேண்டும். பாலாற்றங்கரை அக்கா சொன்ன ஈரக் கணக்கு இதற்கும்தான்.

மண்டித்தெரு | செவ்வாய், இரவு 9:02

நான் சொன்னதையே நீட்டி முழக்கி ஊர்வலம் விடுறீங்க. சரி, ஒரு கேள்வி. சப்பாத்திக்குப் பதிலா அவங்க போடுற அந்தச் சோள டார்ட்டியாவையே வீட்டில் சுட முடியாதா? கார்ன்ஃப்ளோர் வீட்டில் இருக்கு.

பாலாற்றங்கரை | செவ்வாய், இரவு 9:20

ஐயோ, கார்ன்ஃப்ளோர் வேண்டாம் அண்ணா! கடையில் அந்தப் பேரில் இங்கே விற்பது வெறும் வெள்ளை ஸ்டார்ச், சூப்பைக் கெட்டியாக்குவதற்கு. ரொட்டி தட்டினால் பசையாகும். வேண்டியது மஞ்சளாக இருக்கிற மக்காச்சோள மாவு, வடக்கத்திக்காரர்கள் மக்கி ரொட்டி சுடுவது.

குடியாத்தம் டு டல்லாஸ் | செவ்வாய், இரவு 9:44

அந்த மாவிலும் டார்ட்டியா சரியாக வராது, விளிம்பெல்லாம் வெடிக்கும். மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவிவிட்டுத்தான் அரைப்பார்கள். சுண்ணாம்பு பட்டால்தான் மாவு பசைகொண்டு வட்டமாக நிற்கும். சோளத்தில் உடம்புக்குக் கிடைக்காமல் கட்டுண்டு கிடக்கிற நயாசின் என்ற சத்தும் அதனால் விடுபடுகிறது. இந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தையே முக்கிய உணவாக்கிக்கொண்ட தெற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் பெல்லாக்ரா என்ற நோய் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களைப் படுத்தியது.

வார நாளில் இந்த வேலைக்கெல்லாம் நேரம் ஏது? சோள வாசனை வேண்டுமென்றால் சப்பாத்தி மாவில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோள மாவு கலந்து, கொதிக்கிற தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் கோதுமையே போதும். டெக்சஸில் கோதுமை டார்ட்டியாவும் சரிசமமாக ஓடுகிறது.

லாங்கு பஜார் லாலா | புதன், காலை 8:15

சீஸுக்கு வருவோம். பீட்சாவுக்குப் போடுகிற மொசரெல்லா நூல் நூலாக இழுக்கும், ஆனால் சப்பென்று இருக்கும். கட்டிச் சீஸ் என்று விற்கிற பிராசஸ்டு சீஸ் உப்பும் ருசியும் உள்ளது, இழுக்காது. பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டும் கிடைக்கும். ஆறு பேருக்கு மொத்தம் 250 கிராம். அந்தச் சீஸிலேயே உப்பு நிறைய இருக்கிறது, மசாலாவில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி சைவம் என்பதால் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். சில வெளிநாட்டுச் சீஸில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னட் சேர்ப்பார்கள்.

வாலாஜா ரோடு | புதன், காலை 8:40

மாமனாருக்கு என்ன செய்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை பாருங்கள். சர்க்கரைக்காரருக்குச் சப்பாத்தியும் சோளமும் சேர்ந்து வந்தால் மாவுச்சத்து தட்டிலேயே ஏறிவிடும்.

பாலாற்றங்கரை | புதன், காலை 9:05

அதை யோசித்துத்தான் வைத்திருந்தேன். அவருக்கென்று தனிச் சமையல் என்றால் அந்த மனுஷனுக்கும் சங்கடம், நமக்கும் வேலை. ஒரு சின்னக் கிண்ணத்தில் சப்பாத்திக்குப் பதில் கத்திரிக்காயை அடுக்குங்கள். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள். அணைக்கட்டுப் பக்கத்துச் சரக்கு, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது இதற்குத்தான். காம்பில் முள் குத்தும், பார்த்துப் பிடித்து, நீளவாக்கில் விரல் கனத்துக்குச் சீவி, உப்பு தடவிப் பத்து நிமிஷம் வைத்து, பிழிந்து, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க வாட்டுங்கள். அந்தக் காய் வெண்ணெய் போல வெந்துவிடும், ஆனால் உருக்குலையாது. அதன் நடுவே காராமணி மசாலா, சோளம் இல்லாமல், மேலே சீஸ் கொஞ்சம். அதே கடாயில் டின்னுக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் கிண்ணத்தையும் வைத்துவிடலாம்.

சொல்லப்போனால் எனக்கு அந்தக் கிண்ணம்தான் பிடிக்கும். சப்பாத்தி அடுக்கு பசங்களுக்கு.

ஆம்பூர் வாசி | புதன், காலை 9:30

எங்கள் ஊரில் பிரியாணிக்கு வைக்கிற எண்ணெய்க் கத்திரிக்காய் மிச்சமிருந்தால் அதையே ஒரு அடுக்காக வைக்கலாம் என்று தோன்றுகிறது. புளிப்பும் எள்ளும் இருக்கும், மெக்சிகன் ஆகாது. ஆனால் பழியை என் மேல் போடாதீர்கள்.

குடியாத்தம் டு டல்லாஸ் | புதன், காலை 10:00

மெக்சிகோவில் மோலே என்று மிளகாய், எள், கொட்டைகள் அரைத்து வைக்கிற குழம்பு இருக்கிறது, சிலவற்றில் சாக்லேட்கூட உண்டு. எள்ளைப் பார்த்து ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள் பாய், தைரியமாக வையுங்கள்.

காந்திநகர் ஓடிஜி | புதன், மதியம் 1:15

ஓடிஜி (மேடையில் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) வைத்திருப்பவர்களுக்காக ஒரு வரி. 180 டிகிரியில் பத்து நிமிஷம் முன்சூடு, ஃபாயில் மூடி 15 நிமிஷம், ஃபாயிலை எடுத்துவிட்டு மேல் கம்பி மட்டும் போட்டு ஏழெட்டு நிமிஷம். கரன்ட் பயம் வேண்டாம், 1500 வாட் அடுப்பு இவ்வளவு நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. வெளியே எடுத்ததும் வெட்டக் கூடாது. பத்து நிமிஷம் ஆற விட்டால்தான் துண்டு துண்டாக நிற்கும். பசங்க தட்டோடு நின்றாலும் கொடுக்காதீர்கள்.

சத்துவாச்சாரி மாடிவீடு | வியாழன், இரவு 10:10

செய்தாயிற்று! காராமணியைத்தான் எடுத்துக்கொண்டேன், காலையில் ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனேன். ஏழே காலுக்குக் குக்கரை ஏற்றி, ஒரு பக்கம் தக்காளியைச் சுண்டவிட்டு, இன்னொரு அடுப்பில் சப்பாத்தியை அழுத்தும் வேலையைப் பெரியவளிடம் கொடுத்தேன். அதில் அவளுக்கு ஏகப்பட்ட குஷி. கோடு மூடாமல் நிற்க எதிர்பார்த்ததைவிட நேரம் பிடித்தது. அதுவரை அடுப்பு பெரிதாகவே எரிந்தது. தட்டு வைக்க எட்டு நாற்பது.

துண்டு நின்றது. அடுக்கு அடுக்காக, பக்கவாட்டில் பார்த்தால் சோளம் மஞ்சள் மஞ்சளாகத் தெரிய, கரண்டியில் ஏந்தினால் சிந்தாமல் வந்தது. அடிச் சப்பாத்தி மட்டும் நடுவில் கொஞ்சம் மெத்தென்று ஆகிவிட்டது, மற்ற மூன்றும் கடித்தால் தெரிகிற பதம். தோசைக்கல்லைக் கவிழ்த்துப் பிடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை, சிப்ஸ் தூவினேன். மேலே தயிரைத் துணியில் வடிகட்டிக் கெட்டியாக்கி, எலுமிச்சை பிழிந்து ஒரு கரண்டி வைத்தேன், கொத்தமல்லித் தழையோடு. சின்னவன் "வீடியோவில் இருந்ததுதான்" என்று சொல்லிவிட்டான், அந்த வாய்க்கு அதற்கு மேல் பாராட்டு வராது.

மாமனார் கத்திரிக்காய்க் கிண்ணத்தை முடித்துவிட்டு மாமியார் தட்டிலிருந்து ஒரு துண்டு கேட்டார். மாமியார் கொடுக்கவில்லை. அவங்களுக்குச் சீஸ் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டார்கள். "கொஞ்சம் பச்சைமிளகாய் கிள்ளிப் போட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்கள்.

இரண்டு துண்டு மிச்சம். நாளைக்கு டிபன் பாக்ஸில் கொடுத்துவிடலாமா?

இரவுப்பணி நர்ஸ் | வியாழன், இரவு 10:25

ஆறியதும் மூடி உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் கிடக்க வேண்டாம். பருப்பு, பால் இரண்டும் சேர்ந்த பண்டம். காலையில் தோசைக்கல்லில் மூடிபோட்டு, நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவிட்டுப் பாக்ஸில் போடுங்கள். தயிரை அதோடு வைக்க வேண்டாம். பதினோரு மணி இடைவேளைக்குள் சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள், மதியம் வரை வேண்டாம்.

பாலாற்றங்கரை | வியாழன், இரவு 10:31

அடிச் சப்பாத்தி மெத்தென்று ஆனதற்கு: அடுத்த தடவை டின்னில் முதலில் நாலைந்து சிப்ஸை நொறுக்கிப் பரப்பிவிட்டு அதன்மேல் சப்பாத்தியை வையுங்கள். ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். மாமியாருக்கு அவர் பக்கத்து அடுக்கில் மட்டும் பச்சைமிளகாய்.

மண்டித்தெரு | வியாழன், இரவு 10:50

காராமணி எத்தனை டம்ளர் போட்டீங்கம்மா? எங்க வீட்டில் எட்டு பேர்.

சத்துவாச்சாரி மாடிவீடு | வியாழன், இரவு 10:58

ஆறு பேருக்கு ஒன்றரை டம்ளர் அண்ணா. எட்டு பேருக்கு இரண்டு போடுங்கள், தக்காளி முக்கால் கிலோ. டின் ஒன்று பத்தாது, இரண்டாகப் பிரித்து வையுங்கள்.